ரின்ஜூரோவின் இரங்கல் படம்

கிசாக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, முந்தாநாள் செத்துப்போன நாடக நடிகர் ரின்ஜூரோ பட்டறையின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

விஷப் பேத்தை மீனைத் தின்று மாண்டார் என்று எடோ நகரம் முழுக்கப் பேச்சு. நடிகர் போனால் இரங்கல் படம் அச்சடித்து விற்க வேண்டும். அதுவும் அடுத்த கடைக்காரன் போடுவதற்கு முன். பதிப்பாளர் மகோயெமோன் சாவை விசாரிக்க ஆள் அனுப்பவில்லை. கிசாக்குவுக்குச் செர்ரிப் பலகை அனுப்பினார். மேடை அரிதாரத்தோடு ஓவியர் வரைந்த தாளைப் பலகையில் குப்புற ஒட்டி, ஒன்றரை நாளில் செதுக்கி முடித்தான். நெற்றியோர மயிர் மட்டும் முந்நூற்றுப் பதினாறு கோடுகள். பேன் ஒன்றை விட்டால் வழி கேட்காமல் போய்வரும். இருபது வருடத்தில் அப்படிக் கை ஓடியதில்லை.

"ஐயா... நீங்க போயிட்டீங்கன்னு..."

"ரெண்டு நாள் நாக்கு மரத்துப்போச்சு, அவ்வளவுதான்யா."

சத்தம் கேட்டு வந்த மகோயெமோன் வெளுத்துப்போனார். முன்வாசலில் கூட்டம் அழுதுகொண்டே படம் வாங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, தெருவுல தலை காட்டிராதீங்க, ஊரே என்னைப் பாத்து சிரிக்கும். கிசாக்கு, இழைப்புளிய எடு. பலகைய வழிச்சுத் தள்ளு!"

எடுத்தான். கை நகரவில்லை. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடச் சொன்னால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இருய்யா, செத்தவன் நான் பாக்க வேணாமா?" ரின்ஜூரோ படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முடி பிரமாதம். எனக்கே இவ்வளவு கெடையாது. வயசு அம்பத்துமூணுன்னு எவன் சொன்னான்?"

"அம்பத்தொம்பதுன்னாங்க. நாந்தான் பாத்துக் கொறச்சுப் போட்டேன்" என்றான் கிசாக்கு.

"நல்ல பையன். பலகை இருக்கட்டும். மாசக் கடைசிவரைக்கும் செத்தே கெடக்கேன். அப்புறம் மேடையேறுனா கொட்டகை தாங்காது. ஆமா, வெளிய எவ்வளவு கூட்டம்?"

"ஐயோ, போகாதீங்க!" என்றார் மகோயெமோன்.

"அரிதாரம் இல்லாத மூஞ்சி எம்பொண்டாட்டிக்கே தெரியாது."

உண்மைதான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு மீன்காரி மூக்கைச் சிந்தினாள். "நல்ல நடிகரு. கடைசி பத்து வருசமாத்தான் கொரல் எடுபடல."

ரின்ஜூரோ உடைந்து அழுதார். மேடையில் ஒருநாளும் வராத அழுகை.

"அழாதீங்கண்ணே, உங்க ஒறவா அவரு?" என்று தன் கையிலிருந்த படத்தை நீட்டினாள். அவர் அதை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்.

அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த தாள். அவர் நிமிர்ந்தபோது கண்ணீரில் கரைந்த நீலம் கன்னத்திலும் கறுப்பு புருவத்திலும் ஏறியிருந்தது. அச்சு அசலாக மேடை முகம்.

மீன்காரி படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். வாசல் திரைக்குப் பின்னால் கிசாக்கு பலகையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.