மேனேஜர் இல்லாத மெயில் குழு

அந்த மருந்துக் கிடங்கின் மேனேஜருக்கு மெயிலும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அவர் அக்கா புருஷன் வேறு. அக்கா வீட்டுக்குப் போனால் மாமா, ஆபீஸில் சார். இரண்டு இடத்திலும் இம்சைதான்.

"ஒரு மெயில் போட்டா மொத்த ஸ்டாஃபுக்கும் போகணும். பழைய சர்வரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வை" என்றார் ஒருநாள்.

"பழசு அது பாட்டுக்கு ஓடட்டும் சார். ஒரு மெயிலை எல்லாருக்கும் பிரிச்சு அனுப்புற மெயிலிங் லிஸ்ட் சர்வரைப் பக்கத்துலயே வைக்கிறேன். குழு முகவரிக்கு வர்றதை மட்டும் பழசு அதுகிட்ட தள்ளிவிடும்."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார், கூச்சநாச்சமே இல்லாமல்.

மாங்கு மாங்கென்று உழைத்து அவள் அதை நிறுவினாள். குழுவும் ஜோராக ஓடியது. ஆனால் மேனேஜர் எதையும் அழிக்கமாட்டார். விளம்பரக் குப்பைகூட அவருக்குப் பொக்கிஷம். அவருடைய மெயில் பெட்டி நிரம்பி, அவருக்குப் போன குழு மெயில்கள் திரும்பித் திரும்பி வந்தன. அப்படி வந்துகொண்டே இருந்தால் ஆளையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவது லிஸ்ட் சர்வரின் வழக்கம். மேனேஜரையும் தூக்கியது. அந்த மனுஷன் கவனிக்கவே இல்லை.

மற்றவர்கள் கவனித்தார்கள். உறுப்பினர் பட்டியலில் அவர் இல்லை என்று தெரிந்ததும் குழுவிலேயே அவரை வறுத்தெடுத்தார்கள். "நம்ம கம்ப்யூட்டர் தங்கச்சி இல்லேன்னா இந்த ஆபீஸ் நாறிடும். அவளுக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா இருப்போமா?" என்று எழுதினார் ஸ்டோர்கீப்பர். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேனேஜரைத் திரும்பச் சேர்க்கக் கை வரவில்லை.

பிறகொரு காலை, குழுவுக்கு அவர் அனுப்பிய மெயில் அவள் திரையில் வந்து நின்றது. வெளியாள் எழுதினால் அவள் அனுமதித்தால்தான் போகும். இப்போது அவர்தான் வெளியாளாயிற்றே. மெயில் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுப்பதாகவும் அவளை வேலையிலிருந்து நீக்குவதாகவும் எழுதியிருந்தார். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லவும் என்று ஒரு பெருந்தன்மை வேறு! இந்த வேலை போனால் அவள் தனியாக எடுத்திருக்கும் வாடகை வீடு போகும். அப்புறம் அக்கா வீட்டில் இவர் தயவில் சாப்பிட வேண்டும்.

மெயிலை அமுக்கி வைத்தாள். மாலைக் கூட்டத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"என் மெயிலை எல்லாரும் படிச்சிட்டீங்க. ஒருத்தரும் மறுக்கலை. குழுவுல வர்றதை நான் ஒண்ணு விடாம பார்க்கிறேன்."

"எந்த மெயிலு சார்?" என்று பேந்தப் பேந்த விழித்தார் ஸ்டோர்கீப்பர்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க குழுவிலயே இல்லை சார். பெட்டி நிரம்பி வழிஞ்சு சர்வரே உங்களைத் தூக்கிப் போட்டு மாசக்கணக்காச்சு. உங்க மெயில் என்கிட்டதான் நிக்குது. இப்போ விடுறேன். என்னை அனுப்பலாமா வேண்டாமான்னு இவங்களே சொல்லட்டும்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் லேப்டாப்பில் அனுமதிப் பொத்தானைத் தட்டினாள்.

போன்கள் வரிசையாக அதிர்ந்தன. எல்லோரும் படித்தார்கள். கணக்குப் பெண் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிரவே இல்லை. பேக்கிங் ஆட்கள் சுவரைப் பார்த்தார்கள். ஸ்டோர்கீப்பர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"உங்க முடிவு சார். இதுல நாங்க சொல்றதுக்கு என்ன இருக்கு?"

சீ, இந்த வெத்துவேட்டுகளை நம்பியா பொத்தானைத் தட்டினோம் என்று அவளுக்குக் குமட்டியது. மேனேஜர்மேல் இருந்த எரிச்சல்கூட அந்த நிமிஷம் சின்னதாகிவிட்டது. லேப்டாப்பை மூடினாள். மாடி அறையை ஒழித்துவைக்கச் சொல்லி அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும்.