மூடியைப் படிக்காதவர்

எங்கள் புரொபசர் ருஜ்ஜேரோ லிகாத்தா, செல் வளர்க்கும் அறைக்குள் கால் வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அன்று காலை எரிமலை மறுபடியும் சாம்பல் கக்கியிருந்தது. கட்டானியா முழுக்கக் கறுப்புத் தூசி. அந்தத் தூசியைத் தோளில் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், வெளியில் போட்ட ஷூவோடு அப்படியே உள்ளே வந்து நின்றார். முதல் வருஷ மாணவன் இப்படி வந்திருந்தால் வாசலிலேயே வைத்து வறுத்தெடுத்திருப்பேன். இவரை என்ன செய்வது? இந்த அறை, இந்த இன்குபேட்டர், வருஷா வருஷம் நீட்டிக்கப்படும் என் வேலை, எல்லாமே இவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"இத வளக்கணும், பொண்ணே. யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. 'பொண்ணே' என்று அவர் ஆரம்பித்தாலே அடுத்து காபி வாங்கிவரச் சொல்லப்போகிறார் என்றுதான் தோன்றும்.

சட்டைப்பையில் செல் கொண்டுவருவது அவருக்குப் புதிதல்ல. அவருடைய புகழே அப்படித்தான் தொடங்கியது. இளைஞராக வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது, புராஸ்டேட் புற்றுநோயில் இறந்துபோன ஒருவரின் செல்களைக் குடுவையில் போட்டு, குளிர்ந்துவிடக் கூடாதென்று நெஞ்சோடு அணைத்து விமானத்தில் கொண்டுவந்தாராம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நோயாளிகளின் குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பார். கத்தரிக்காய் பாஸ்தா முடிந்து இனிப்பு வருவதற்குள் இந்தக் கதை வந்துவிடும். சொல்லும்போது வலது கை தானாக நெஞ்சுக்குப் போகும். கணவனைப் பறிகொடுத்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவருடைய அக்கா மகன் நூன்சியோ, எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை செய்கிறான் என்று இதுவரை யாருக்கும் புரியாதவன், முதல் கைதட்டலைத் தட்டுவான். அந்தப் பெண்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தச் செல்களை வைத்துத்தான் புரொபசர் தன் மருந்தைக் கண்டுபிடித்தார். போட்டால் செல்கள் அழகாகச் செத்துப்போகும். அதை வைத்து எத்தனை கட்டுரை, எத்தனை மேடை. நான் சேர்ந்த புதிதில், உருப்படியான எந்த ஆய்வுக்கூடமும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தேன். அந்தச் செல்கள் யாருடையவை என்று சோதிக்க அனுப்பினேன். பதில் வந்தது: ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். என்றைக்கோ, எங்கேயோ, ஒரு குடுவையில் இன்னொன்றின் துளி விழுந்து, வலுத்தது பிழைத்து மற்றதைத் தின்றிருக்கிறது. பெண்ணுக்குப் புராஸ்டேட் கிடையாது என்பது மீன் சந்தையில் கத்தி தீட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமாக எங்கள் மேதை ஆண்களின் நோயை ஒரு பெண்ணின் செல்லில் குணப்படுத்திக்கொண்டிருந்தார்.

நேரே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"உங்கம்மாகிட்ட அடையாள அட்டை கேப்பியா நீ?"

நூன்சியோ அவரைவிட நீளமாகச் சிரித்தான். அந்த வருஷத்து மாநாட்டுக்கு எனக்குப் பதிலாக அவன் போனான். அதன்பிறகு அந்தச் செல்களைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் என் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போடவும் இல்லை. நூன்சியோ இணைப் பேராசிரியர் ஆனான்.

இப்போது நீட்டிய குப்பியில் இருந்தது புரொபசருடைய சொந்தச் செல். அதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. தனக்கே புராஸ்டேட் புற்றுநோய் வந்திருக்கிறது, கொஞ்சம் முரட்டு வகை. அறுவை மருத்துவர் ஜாக்கொமோ கூடப் படித்த நண்பர். மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் எலும்புக்குப் போய்விடும் என்று நாள் குறித்துவிட்டாராம். சோதனைக்கு எடுத்த சதையில் ஒரு துணுக்கைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க மற்ற ஆண்களை வருஷம் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னவர், தான் ஒருமுறைகூடப் போனதில்லை. மாதம் தவறாமல் மீசைக்குச் சாயம் பூச மட்டும் போயிருக்கிறார்.

அவருடைய திட்டம் எளிமையானது. தன் செல்லில் தன் மருந்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். செத்தால் அறுவை வேண்டாம், தானே மருந்தை எடுத்துக்கொள்வார். நூன்சியோவிடம் கேட்டிருக்கிறார். கண்டிப்பா வேலை செய்யும் மாமா என்று அவன் சொல்லிவிட்டான். வேறென்ன சொல்வான்?

அந்தப் பழைய செல்கள் புராஸ்டேட்டே இல்லை என்று மறுபடியும் சொன்னேன். ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினார். பிறகு குரல் இறங்கியது.

"ஆபரேஷன் பண்ணா டயப்பர் கட்டிக்கிட்டுத் திரியணும், ஒர்னெல்லா. அதோட நான் மேடையேறவா?"

முதல் முறையாக என் பெயரைச் சொன்னார். பரிதாபமாகத்தான் இருந்தது. உயிரைவிட மேடை பெரிதாக இருக்கிற மனிதன்மேல் எவ்வளவு நேரம் பரிதாபப்பட முடியும்? ஆனாலும் குப்பியை வாங்கிக்கொண்டேன். நான் சொன்னால் கேட்கமாட்டார். செல் வளரும் தட்டு சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன்.

இந்த வகைச் செல்கள் லேசில் வளராது. பெரும்பாலும் தாமாகவே செத்துப்போகும். இவருடையது பிடித்துக்கொண்டது. தட்டின் அடியில் கால் பரப்பி உட்கார்ந்து, சொந்தக்காரரைப் போலவே இடத்தை வளைத்துப் போட்டது. போதுமான அளவு சேர்ந்ததும் இரண்டு தட்டுகள் வைத்தேன். ஒன்றில் அவருடைய செல், மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் பழைய செல், மூடியில் அதன் பெயர். இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு.

பார்க்க வந்த நாளில் அங்கி, கையுறை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தார். பழைய செல்களின் தட்டைப் பார்த்து முடித்து மைக்ரோஸ்கோப்பில் அப்படியே விட்டிருந்தேன். அவருடையதை எடுக்க இன்குபேட்டர் பக்கம் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் மிதக்குது," என்றார் மெதுவாக. "ஒண்ணுகூட ஒட்டல. எல்லாம் செத்துடுச்சு."

அழுதார். எழுந்து என் நெற்றியில் முத்தமிட்டார். அது உங்களுடையது இல்லை புரொபசர் என்று நான் சொன்னது யார் காதில் விழுந்தது? கையுறையை உருவி எறிந்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

என் கையில் அவருடைய தட்டு. அதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மருந்தைக் குடித்துக் கொழுத்திருந்தன. போகட்டும் விடு என்று தோன்றியது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே தோன்றியது. தன் மருந்தைத் தானே குடித்து, தன் கட்டுரைகளை நம்பிச் சாகட்டும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண்களுக்கு நடுவில் அவர் மனைவியும் உட்காருவாள், நூன்சியோ கைதட்டுவான். அவர் மனைவிக்கு நெஞ்சைத் தொட்டுக் கதை சொல்ல அவனால் முடியும் என்று நினைத்தபோதுதான் கதவைத் தள்ளினேன்.

தட்டோடு வெளியே ஓடினேன். அந்த அறையிலிருந்து எந்தத் தட்டும் வெளியே போகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே நான்தான். ஜன்னல் வழியாக வந்த சாம்பல் தாழ்வாரத்தில் காலடியில் நறநறத்தது. நூன்சியோ கையில் காபியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். புரொபசர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கத்திய உள்ள வைப்பா, ஜாக்கொமோ. எனக்கு வேணாம்."

அவர் முன்னால் போய் நின்று தட்டை நீட்டினேன்.

"நீங்க பாத்தது பழைய செல்லு. உங்களோடது இது. மூடியப் படிங்க, புரொபசர்."

சிரிப்பு உடனே போகவில்லை. போனை இறக்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை வாங்கினார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி உள்ளே மைக்ரோஸ்கோப் பக்கத்தில் கிடந்தது. தட்டைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடியும் தள்ளினார். மூடிக்குக் கீழே இளஞ்சிவப்பு நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய போனிலிருந்து ஜாக்கொமோவின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ருஜ்ஜேரோ? இருக்கியா? ருஜ்ஜேரோ?"