உடைந்த ஊசி

இலக்கியாவின் விரலுக்குள் ஊசி இறங்கி உடைந்தபோது, எங்கள் சூப்பர்வைசர் சிவபிரகாஷ் முதலில் குனிந்து பார்த்தது தரையைத்தான். விரலை அல்ல.

கம்பெனி சட்டம் அப்படி. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியில் தைப்பதெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டை. ஊசி உடைந்தால் ஒடிந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஒரு தாளில் முழு ஊசியாகச் சேர்த்து ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த லாட் சட்டை மொத்தமும் வெளியே போகாது. எங்கோ ஒரு குழந்தைக்குக் குத்திவிடுமாம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே வாங்குகிறவர்களும் இப்போது விவரமாகிவிட்டார்கள். எங்கே தைத்தது, யார் தைத்தது என்று பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். அதற்காகவே சட்டையில் தொங்கும் அட்டையில் க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள். போனைக் காட்டினால் திரையில் இலக்கியா சிரிப்பாள். போன வாரம்தான் பூ வைத்து, பவுடர் பூசி அவளைப் படமெடுத்தார்கள்.

இன்று அவள் கத்திய கத்தலில் லைனே நின்றுவிட்டது. ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு போய் எலும்பில் முட்டி ஒடிந்திருந்தது. முனையை மட்டும் காணோம். சிவபிரகாஷ் துணிக்குள் ஊசி கிடக்கிறதா என்று சோதிக்கும் கை டிடெக்டரை எடுத்துவந்து அவள் விரல்மேல் நீட்டினான். அது கீச்சென்று கத்தியது.

"இங்கதான் இருக்குது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஏனுங்க சார், புள்ளைய நாமக்கல்லு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க" என்றேன்.

"கன்டெய்னரு வாசல்ல நிக்குதுங்க மஞ்சுளாக்கா. டாக்டரு எடுத்துக் குப்பைல வீசிட்டா நான் எதைக் காட்டறது?"

மெக்கானிக்கிடம் குறடு வாங்கிவந்தான். இரண்டு பேரை விட்டு அவள் தோளை அமுக்கச் சொன்னான். குறடு கவ்வி இழுத்ததில் நகம் வந்தது, முனை வரவில்லை. ரத்தம் மேஜையில் கிடந்த மஞ்சள் சட்டைமேல் தெறித்தது. "சட்டைய எடுங்க, சட்டைய எடுங்க!" என்று அலறினான். அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

"அக்கா, எங்கம்மாளக் கூப்புடுக்கா" என்றாள் இலக்கியா. அவன் குறட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தான்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. என் மெஷின் ஊசியைக் கத்தரிக்கோலால் அடித்து ஒடித்தேன். முனையை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, பேக்கிங்குக்குக் குவித்திருந்த சட்டைகளுக்குள் வீசினேன்.

"இனி அவ வெரலக் கிழிச்சு என்ன பண்ணுவ? எப்படியும் லாட்டு போகாதுடா. மொதல்ல புள்ளைய வண்டீல ஏத்து. அப்பறந்தான் எங்க உழுந்துச்சுன்னு சொல்லுவேன்."

குறட்டாலேயே என் வாயில் அடித்தான். பல் ஒடிந்து நாக்கில் கிடந்தது. கீழே விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். நானும் விடவில்லை, கையிலிருந்த கத்தரியை அவன் கெண்டைக்காலில் பாய்ச்சினேன். அவன் என் தலைமுடியைப் பிடித்துச் சிமெண்ட் தரையில் மோதினான். இந்த அடிதடியில் மேஜையிலிருந்த டிடெக்டர் விழுந்து நொறுங்கியது.

சத்தம் கேட்டு மேனேஜர் காளியண்ணன் ஓடிவந்தார். எங்கள் ரத்தத்தைத் தாண்டிக்கொண்டு போய்ச் சட்டைக் குவியலைப் பார்த்தார்.

"எங்க போட்ட?"

"வண்டி கெளம்பட்டுமுங்க."

வேறு வழியில்லாமல் வேனை எடுக்கச் சொன்னார். இலக்கியாவைத் தூக்கி ஏற்றினார்கள். வேன் கேட்டைத் தாண்டுகிறவரை பார்த்திருந்துவிட்டு, குவியலின் வலது பக்கத்தைக் காட்டினேன்.

சிவபிரகாஷ் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு குட்டிச் சட்டையாக எடுத்து, உள்பக்கம் திருப்பி, கழுத்து, கை, அக்குள் என்று விரல்நுனியால் தடவிப் பார்த்தான். எங்காவது குத்திவிடுமோ என்று அவ்வளவு மெதுவாக, பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவினான். இத்தனை பதம் தெரிந்த கையா அது!

அவ்வளவு அடிக்கும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.