மதராஸ் பியானோவை எரித்த லேடி ஆலிஸ்

நான் கேப்டன் ஆனது எழுபத்தாறாவது வயதில், துபாய் அல் குசைஸ் பூங்காவை நாலாவது சுற்றுச் சுற்றும்போது. "மதராஸ் துறைமுகத்தில் நீராவி இழுவைக் கப்பலோடு வேலை பார்த்தேன்" என்று நடைக்கூட்டத்தாரிடம் சொன்னேன். சத்தியமான வார்த்தை. கப்பல் தண்ணீரில் இருந்தது. நான் வெள்ளைக்காரன் விட்டுப்போன கப்பல் கம்பெனியின் மூன்றாவது மாடியில், குமாஸ்தா நாற்காலியில் இருந்தேன். நடுவே ஒரு ஜன்னல். பெரிய கப்பலிலிருந்து வழிகாட்டும் பைலட் விசில் ஊதுவார், எங்கள் இழுவைக் கப்பல் 'லேடி ஆலிஸ்' சங்கு ஊதிப் பதில் சொல்லும். அதைக் காதால் கேட்டு, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் இழுத்தாள் என்று எழுதிவைப்பது என் உத்தியோகம். இந்தச் சின்ன விவரங்களையெல்லாம் சொல்லி யாரையாவது சங்கடப்படுத்துவதா? அன்று முதல் எல்லோருக்கும் நான் கேப்டன்.

மகள் நீலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா, மெரினாவுல நின்னு அலையப் பார்த்தாலே உங்களுக்குத் தலை சுத்துமே!"

பெற்ற பிள்ளைகளுக்கு வரலாற்று உணர்வு குறைவு.

பிறகு ஒருநாள் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஷம்சியா போன் செய்தாள். "கேப்டன் அங்கிள், சனிக்கிழமை சாயங்காலம் நீங்கதான் பேசறீங்க. பழைய துறைமுகம், நீராவிக் கப்பல், வெள்ளக்காரக் கம்பெனி எல்லாம். தேரா கிரீக்ல ஒரு மரக்கப்பல் புடிச்சிருக்கோம்."

"ஓடுமா, நிக்குமா?"

"நிக்கும் அங்கிள்."

ஒப்புக்கொண்டேன். நீலா என் சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு அனுப்பினாள்.

எண்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் புதிய மனிதர் ஒருவர். "இவர் அரியரத்தினம் அங்கிள். கொழும்புத் துறைமுகத்துல நீராவிக் கப்பல் எஞ்சினியரா இருந்தவர். சத்வாவுல மகன் வீட்டுக்கு வந்திருக்கார். கேப்டன் எதாவது தப்பாச் சொன்னா திருத்துவார்!" என்றாள் ஷம்சியா. மூன்று வருஷத்துப் பட்டம், இன்றோடு கலாஸ்!

வாயைத் திறந்தேன், அது வழக்கம்போல என்னைக் கேட்காமல் ஓடியது. "அடிவானத்தில் புகை தெரிந்தால் போதும், எங்கள் கம்பெனியும் எதிர்க் கம்பெனியும் இழுவைக் கப்பலை விரட்டும். யார் முதலில் கயிறு போட்டாரோ, அவருக்குத்தான் கப்பல். ஒருநாள் லேடி ஆலிஸ் ஒரே கயிற்றில் பதின்மூன்று கப்பல்களை இழுத்துவந்தாள்!"

அரியரத்தினம் கையைத் தூக்கினார். "பதின்மூண்டு கப்பலுக்கு எவ்வளவு கரி போட்டனீங்கள்?"

"கரி தீர்ந்துபோச்சு. மேஜை, நாற்காலி, கடைசியில் துரையின் பியானோவையும் உள்ளே தள்ளினோம். அது எரிந்தபோது ஆலிஸ் சங்கைக் கல்யாணி ராகத்தில் ஊதினாள்."

அரியரத்தினம் மெல்ல எழுந்தார்.

"இவர் சரியான அடக்கமான மனுசன். எங்கட இழுவைக் கப்பல் ஒருக்கா கரையில கட்டின கயித்த அவிழ்க்க மறந்துபோய் முழு வேகத்தில வெளிக்கிட்டது. கயிறு அறேல்லை, முழு இலங்கையும் பின்னால வந்திட்டுது! பொலிஸ் வந்துதான் நிப்பாட்டினது. அதாலதான் ராமேஸ்வரம் இப்ப இவ்வளவு கிட்டக் கிடக்கு."

கைதட்டல் துபாயைத் தாண்டி ஷார்ஜாவில் கேட்டிருக்கும். எனக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே பொறாமையும் வந்தது.

ஷம்சியா துள்ளினாள். "ரெண்டு கேப்டன் இருக்கும்போது கப்பல் ஏன் சும்மா நிக்கணும்? செய்கு பாய், யல்லா, கிளம்புங்க!"

படகோட்டி செய்கு முகம்மது கயிற்றை அவிழ்த்தார். ஊருக்குள் புகுந்த கடற்கழியான கிரீக்கில் அலையே கிடையாது என்பார்கள். சுத்தப் பொய். எதிரே போன ஒரு சின்னப் படகு எழுப்பிய அலை, புர்ஜ் கலீஃபாவின் நாற்பதாவது மாடியை நனைத்தது. கேப்டன் வாந்தி எடுத்தால் அப்புறம் பூங்காப் பக்கம் தலைகாட்ட முடியுமா? கம்பீரமாக நடந்து பின்பக்கக் கம்பியைப் பிடித்தேன். அங்கே ஏற்கெனவே அரியரத்தினம் தொங்கிக்கொண்டிருந்தார், முகம் கறிவேப்பிலைத் துவையல் நிறத்தில்.

"எஞ்சினியருக்கா இந்தக் கதி?" என்றேன்.

"டைப்பிஸ்ட்," என்றார். "கம்பெனி ஒபீஸ், நாலாம் மாடி. நீங்கள்?"

"குமாஸ்தா. மூணாம் மாடி."

"அப்ப நான்தான் சீனியர். அது என்ன, பொக்கற்றுக்க தேசிக்காயோ? பாதி தாங்கோ."

எலுமிச்சம்பழத்தை ஆளுக்குப் பாதி கடித்தோம். பின்னாலிருந்து ஷம்சியாவின் குரல் வந்தது: "அங்கே என்ன அங்கிள் பாக்கறீங்க?"

"எஞ்சின் சத்தம் சரியில்ல! உடனே கரைக்குத் திருப்பச் சொல்லும்மா!"

"ஓம், உடனே!" என்றார் சீனியர்.

"போன வாரந்தானே புது எஞ்சின் வச்சேன்!" என்று அலறினார் செய்கு முகம்மது.

"புது எஞ்சின்தான் தம்பி ஏமாத்தும்," என்றேன்.

படகு திரும்பியது. கேப்டன்கள் இருவரும் சேர்ந்து எண்பது உயிர்களைக் காப்பாற்றினார்கள் என்று இப்போது பூங்கா முழுக்கப் பேச்சு. தப்பான தகவல் பரவினால் நான் சும்மா இருப்பேனா? எண்ணூறு என்று திருத்திவிட்டேன்.