மணப்பெண் கல்லுக்குப் போகும் வழி

பென் வாரா மலையின் விலை ஐந்து பவுண்டு. பனி மூடிய நாளில் பேரம் பேசினால் நாலுக்கும் படியும்.

மலை, காசு வாங்கும் ஆட்டுப்பண்ணைக்காரன் மர்டோவுக்குச் சொந்தமில்லை. ஸ்காட்லாந்தில் யாரும் எந்த மலையிலும் காலாற நடக்கலாம், சட்டமே அப்படி. ஆனால் கார் மலை ஏறாதே! அது எங்காவது நின்றாக வேண்டும். மர்டோவின் மேய்ச்சல் நிலத்தில் நின்றால் ஐந்து பவுண்டு. அரை மைல் தள்ளி, பழைய பாதை தொடங்கும் இடத்தில், சாலையோரமாகக் காசில்லாமலே நிறுத்தலாம். அதனால் முதல் வருடம் மர்டோவின் நிலத்தில் ஆடுகள்தான் நின்றன, அவையும் காசு கொடுக்காமல்.

கம்பளி விலை கவிழ்ந்துபோன மனிதன் என்ன செய்வான்? மேலே, செங்குத்துப் பள்ளத்துக்குச் சற்று இப்பால் சாய்ந்து நின்ற பாறை ஒன்றுக்கு ‘மணப்பெண் கல்’ என்று பேர் வைத்தான். கடலுக்குப் போய்த் திரும்பாத மாப்பிள்ளைக்காகக் காத்துக் காத்துக் கல்லானவள் என்று ஒரு கதையும் கட்டினான். கதைக்கு ஆதாரம் கேட்டவர்களிடம் கல்லையே காட்டினான். மலை ஏறுகிறவர்கள் வழி அடையாளமாக நம்புவது கற்குவியலைத்தான். எனவே தன் நிலத்து வாசலிலிருந்து கல் வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு ஏழு குவியல்களை அடுக்கினான். எட்டாவதைப் போன மாதம்தான் கல்லையும் தாண்டி, பள்ளத்தின் விளிம்பிலேயே வைத்தான். அங்கே நின்று எடுத்தால் படத்தில் ஏரியும் சேர்ந்து விழும்.

கதை பரவியது, கார்கள் வந்தன. வெயில் நாளில் யாருக்கும் கெடுதல் இல்லை. கண் இருக்கிறது, பள்ளம் தெரிகிறது.

அந்த நவம்பர் காலையில் மலை இடுப்புக்கு மேல் பனிமூட்டத்தில் காணாமல் போயிருந்தது. பச்சைக் காரில் தனியாக வந்து இறங்கியவள் ரோனா கில்கிறிஸ்ட். பெய்ஸ்லி நகரத்தில் முப்பது வருடம் ரொட்டிக்கடை நடத்தி ஓய்ந்தவள். கடை வைத்தவளிடம் கடை விரித்தால் சும்மா விடுவாளா?

“கண்ணுக்கே தெரியாத மலைக்கு அஞ்சு பவுண்டா? மூணு வாங்கிக்கோ தம்பி.”

“மலை பனிக்குள்ளதாம்மா இருக்கு, எங்கயும் ஓடிப்போகல. மத்தியானத்துக்குள்ள பனி விலகிடும். விலகலைன்னா உங்க காசு வாபஸ்.”

“பேச்சு மாறமாட்டியே?”

“மாறுவேனா? கற்குவியலப் பாத்துக்கிட்டே போங்க, நேரா கொண்டு விடும்.”

சிரித்தபடி நோட்டைக் கொடுத்துவிட்டு, பனிக்குள் நுழைந்தாள்.

பனி விலகவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மற்றக் கார்கள் கிளம்பிப்போய், பச்சைக் கார் மட்டும் கண்ணாடியெல்லாம் ஈரம் வழிய நின்றது. மர்டோவின் மனைவி எஃபி கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அந்தம்மா இன்னும் எறங்கலையே?”

“வந்துருவாங்க. மெதுவா நடக்கிற ஆளு.”

“மெதுவா நடக்கிறவளும் இருட்டுக்கு முன்னால எறங்குவா, மனுசா. நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?”

மலை மீட்புக் குழுவின் தலைவன் லாக்லன் பக்கத்துப் பண்ணைக்காரன். ட்ராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கையோடு, ஆறு பேரும் ஒரு நாயுமாக வந்துவிட்டான். காரின் முன்மூடியில் வரைபடத்தை விரித்தான்.

“கார் இங்க நின்னாலும், இந்தப் பனியில புத்தியுள்ளவ பழைய பாதையிலதான் ஏறியிருப்பா. அந்தப் பாதையோட, ஓடைக்கு எடப்பக்கமா ஏறுவோம். வலப்பக்கம் ஏதோ வேலையத்த டூரிஸ்ட் பய குவியல் அடுக்கி வச்சிருக்கான். போன வருசம் ஒண்ண ஒதைச்சுத் தள்ளினேன், மறுவாரமே மொளைச்சிருச்சு. அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்…”

மர்டோ தேள் கொட்டிய திருடன் போல நின்றான். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இடப்பக்கம் ஏறித் தேடி இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தக் குளிரில் ஒருத்தி தாங்குவாளா? எஃபி அவன் முகத்தையே பார்த்தாள். ஏழு குவியல் வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

“லாக்லன், எடப்பக்கம் போகாத.”

“ஏன்?”

“குவியல் வழியா நான்தான் அனுப்பினேன். கல்லுக்கு அப்பால இன்னும் ஒண்ணு இருக்கு, விளிம்புல. எல்லாம் என் கை வேலதான்.”



“விளிம்புலயா?” என்றாள் எஃபி.

“படம் நல்லா விழும்னு…”

“ஆளு விழுமேன்னு தோணலையாடா ஒனக்கு?” லாக்லன் வரைபடத்தைச் சுருட்டினான். “வெளக்க எடு. முன்னால நட. நீ வச்ச எடத்த நீயே காட்டு.”

எட்டாவது குவியலுக்கு நேர் கீழே, பள்ளத்தின் பாதியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டில் அவள் கிடந்தாள். நாய் குரைத்ததும் பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு விசில் ஈனசுவரத்தில் வந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கயிறு கட்டித் தூக்கி, தூக்குப்படுக்கையில் வாசல் வரைக்கும் கொண்டுவந்தபோது கண்ணைத் திறந்தாள்.

“பனி… விலகலையே தம்பி.”

மர்டோ சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். நீலம் பாய்ந்த விரல்கள் மடங்கவில்லை. நோட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. தூக்கிவந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போனார்கள்.

உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, காலைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. மர்டோ வாசலைப் பூட்டிவிட்டு, கடப்பாரையுடன் மலை ஏறினான். எஃபியும் பின்னால் வந்தாள்.

முழங்கால் உயரத்துக்கு அவன் வைத்தவை மார்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. கற்குவியலைக் கடக்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். இரண்டு வருடத்தில் சேர்ந்த கற்கள் அவை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். விளிம்பில் நின்ற எட்டாவதையும் தள்ளினான். கற்கள் பள்ளத்தில் உருண்டு, வெகு நேரம் கழித்துச் சத்தம் கொடுத்தன.

“முடிஞ்சுதா?” என்றாள் எஃபி.

“முடிஞ்சு…”

பனி கொஞ்சம் நகர்ந்தது. விளிம்பையொட்டி, பத்தடி தள்ளி, இன்னொன்று நின்றது. அவன் அடுக்கியதல்ல. அதைவிட நல்ல படம் வேண்டிய யாரோ அடுக்கியது. அதைத் தள்ளினான். அதற்கப்பால் ஒன்று. அதற்கும் அப்பால் ஒன்று.

கட்டியது எட்டு. கலைத்தது பதினொன்று. பன்னிரண்டாவது பனிக்குள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது.