வெளியூர்க் கழிப்பு

கதிரவேலு பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் ஊரில் சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு வகையில் சரிதான். அவர் பாதியைச் சொன்னார், மிச்சப் பாதியை விழுங்கிவிட்டார். முழுப்பொய் சொல்லுகிறவனை ஒருநாள் கையும் மெய்யுமாகப் பிடித்துவிடலாம். அரைவாசியைச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழும்புகிற மனிதரை என்ன செய்கிறது?

தை மாத வாடைக்காற்றில், பருத்தித்துறைக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்னத் துறையில் ஒரு கப்பல் ஒதுங்கியது. கப்பல் என்றால் ஓர் ஆள் நீளத்துக்கு மரத்தில் செய்த கப்பல். முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள், பாய்மரம் முறிந்து போயிருந்தது, பக்கப் பலகை முழுக்கச் சித்திரம். சிவப்பும் பச்சையும் கடல் தண்ணீரில் ஊறியும் மங்கவில்லை. விடியப்புறம் வலை பார்க்கப் போன சிவரூபன் அதை முதலில் கண்டான். அவனோடு கூடப்போனவன் லக்ஷன், கதிரவேலுவின் ஒரே மகன். இரண்டு பேருமாய்த் தோளில் தூக்கிவந்து சிவரூபன் வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். சிவரூபனின் தங்கை தயாளினி பாசியைக் கழுவித் துடைத்து, பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றிவிட்டாள். எங்கள் சனம் அப்படித்தான். கண்ணும் நிறமும் உள்ள எதைக் கண்டாலும் ஒரு கட்டிச் சூடமாவது கொளுத்தாமல் விடாது.

அந்தக் கிழமை சிவரூபனின் வலையில் மீன் நன்றாகப் பட்டது. கேட்க வேண்டுமா? அயலூர்களிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கதிரவேலு இருபத்திரண்டு வருடம் கப்பலில் போன மனிதர். பினாங்கிலும் மலாக்காவிலும் மாதக்கணக்காய்க் கிடந்தவர். சீனத்துத் தாவோ கோவில்களின் வாசலில் சாம்பிராணிக் குச்சி விற்கிற கிழவன் ஒருவனோடு பழகி, கூரையிலும் கதவிலும் தட்டுமுட்டுச் சாமானிலும் அவர்கள் எழுதுகிற சித்திரங்களுக்கெல்லாம் அர்த்தம் கேட்டு வைத்திருந்தார். ஆகவே அந்தக் கப்பலில் இருந்தது என்னவென்று ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முற்றத்துக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவர் மாதிரி இரண்டு கிழமை பேசாமல் இருந்தார்.

காரணம் தயாளினி. லக்ஷன் அவளைத்தான் கட்டுவேன் என்று தாய் ஞானாம்பிகையிடம் சொல்லியிருந்தான். நல்லூரில் கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் வாத்தியார், ஓய்வு கிடைத்தால் சிவரூபனின் வள்ளத்தில் ஏறிவிடுகிறான், இப்போது அவன் தங்கையும் வேண்டுமாம். கதிரவேலுவோ கனடாவில் ஒரு பெண்ணைப் பேசி, படமும் அனுப்பி, சாதகமும் பொருத்தி முடித்திருந்தார். மகனை நேரே எதிர்த்தால் அவன் அன்றைக்கே தாலி கட்டிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். மகன் விலகாவிட்டால் என்ன, அந்த வீட்டை விட்டு ஊரே விலகட்டும் என்று நினைத்தார். இப்படி நினைக்கிற தகப்பனை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அதே நேரம் ஊரில் காய்ச்சல் வந்தது. சுகாதாரப் பகுதியினர் வீடு வீடாக வந்து சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்துக் காட்டி, நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல் என்றார்கள். நாலைந்து பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து மருந்து கொடுத்தார்கள். மாசியில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று செத்துப்போனது. குழந்தையைக் குழியில் வைத்துவிட்டு வந்த தகப்பனுக்கு நுளம்பு என்ற பதில் போதவில்லை. யாருக்குத்தான் போதும்?

மீனவர் சங்கத் தலைவர் தம்பிஐயா வந்து, அண்ணை, நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்த ஆள், இது என்ன சாமான் என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்று கேட்டார். கதிரவேலு இதற்காகவே காத்திருந்தவர். ஊரே திரண்ட ஒரு பின்னேரம் முற்றத்தில் நின்று, பூவரசந் தடியால் ஒவ்வொரு சித்திரமாகத் தொட்டுக் காட்டினார்.

ஐந்து வௌவால்கள் வட்டமாய் இருந்தன. சீனச் சனத்துக்கு ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறு, நீண்ட ஆயுளில் தொடங்கி, மூத்து நரைத்துப் படுக்கையில் அமைதியாய்ச் சாகிறது வரைக்கும். கதிரவேலு, வௌவால் வீட்டுக்குள் வந்தால் எங்களுக்கு என்ன அபசகுனமோ அதுதான் அவர்களுக்கும் என்றார். நாரை ஒன்று பறந்தது. ஆயிரம் வருடம் வாழ்கிற பறவை என்று பினாங்குக் கிழவன் சொல்லியிருந்தான், செத்தவரை மேலுலகத்துக்குச் சுமந்து போகிறதும் அதுதான் என்றும் சொல்லியிருந்தான். கதிரவேலு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். கடல்மேல் எட்டுப் பேர் நின்றார்கள். ஊன்றுகோல் பிடித்த முடவன், தாமரை ஏந்திய பெண், குழல் ஊதுகிறவன் என்று சாவை வென்ற எட்டுச் சித்தர்கள். கதிரவேலுவின் தடி பட்டதும் அவர்கள் எட்டு நோய் வருத்தத்துக்கும் அதிபதிகள் ஆனார்கள். முடவன் இடுப்பில் தொங்கிய மருந்துச் சுரைக்குடுவை, காய்ச்சலை அடைத்து வைத்த குடுவை ஆனது. கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று கவ்விக் கிடந்த வட்டத்தைக் காட்டி, நல்லதைக் கெட்டது விழுங்குது பாருங்கோ என்றார். பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கடைசியாகத்தான் அந்த உண்மையைச் சொன்னார்.

"இது அவையின்ரை கழிப்பு. ஊரிலை வருத்தம் வந்தால் எல்லாத்தையும் இப்பிடி ஒரு கப்பலிலை ஏத்திக் கடலிலை விடுறவை. ஆரோ ஒரு ஊரின்ரை சாவை இஞ்சை தூக்கிக்கொண்டு வந்து விளக்கு வைச்சிருக்கினம்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கழிப்பு என்றால் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தீட்டையும் தோஷத்தையும் கழித்துச் சந்தியில் போட்ட சாமானைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது, போட்டவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கு வைத்தவளை என்ன சொல்லுவது! சனம் தயாளினியைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

விழுங்கிய பாதி இதுதான். அந்தக் கப்பலில் வருத்தத்தோடு கூட அதை அடக்கியாளுகிற தெய்வங்களும் ஏறி வருவார்களாம். கப்பல் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அந்தக் கரைக்கு அதிர்ஷ்டம் என்று அங்குள்ளவர்கள் கோவில் கட்டிக் கும்பிடுவார்களாம். மலாக்காவில் அப்படி ஒரு கோவிலின் படியில் குந்தியிருந்து கதிரவேலு சோறு தின்றிருக்கிறார்.

அதன்பிறகு மூன்று மாதம் அந்த வீட்டுக்கு நரகம். தயாளினி போனால் குழாயடியில் குடங்கள் விலகின. அவள் சேர்ந்திருந்த தையல் வகுப்பில், கொஞ்ச நாள் வராமல் இருந்தால் நல்லது பிள்ளை என்று பவ்வியமாகச் சொன்னார்கள். சிவரூபனின் மீனை ஏலம் கூற ஆளில்லை, அவன் கொழும்புத்துறை வரைக்கும் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தான். ஒருநாள் தயாளினி கதிரவேலுவைத் தெருவில் மறித்து, மாமா, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் ஊர் கேட்கும், வேறை ஒண்டும் வேண்டாம், தண்ணி அள்ள விட்டால் காணும் என்று கெஞ்சினாள். அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அன்றிரவு அவருக்கு நல்ல நித்திரை.

லக்ஷன் மட்டும் விலகவில்லை. முன்பு ஓய்வுநாளில் போனவன் இப்போது தினமும் அந்த வீட்டுக்குப் போனான். கதிரவேலு போட்ட கணக்கில் அதுதான் பிழைத்தது.

வைகாசியில் சோழகக் காற்றுத் தொடங்கியதும் சங்கம் கூடியது. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, இப்போது விட்டால் அது திரும்பி வராது. முறை என்னவென்று கதிரவேலுவைக் கேட்டார்கள். அவருக்கு ஒரு முறையும் தெரியாது, இருந்தும் நின்ற நிலையில் ஒன்றை உண்டாக்கினார். தூக்கி வந்தவரே கொண்டுபோய் விடவேண்டும். விட்டபின் இந்தத் துறைக்கு வராமல் மேற்கே வேறு கரையில் இறங்கி முழுகிவிட்டுத் தெருவால் வரவேண்டும். மூன்று நாளைக்கு இந்தத் துறையிலிருந்தோ அயலில் உள்ள இரண்டு துறையிலிருந்தோ ஒரு வள்ளமும் கடலில் இறங்கக்கூடாது, இறங்கினால் கழித்தது திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று நாளை அவர் எதற்குச் சேர்த்தார் என்று நினைக்கிறீர்கள்? மூன்று நாள் தொழில் போனால் மூன்று ஊரும் அந்த வீட்டைச் சபிக்கும், அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கப்பலை சிவரூபனின் வள்ளத்தின் பின்னால் கட்டினார்கள். சனம் எட்டி நின்றது. சிவரூபன் இஞ்சினைத் தட்டப் போகையில் லக்ஷன் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தில் ஏறினான்.

கதிரவேலு இடுப்பளவு தண்ணீர் வரை ஓடிப்போய், இறங்கடா என்றார்.

"நானும்தான் தூக்கினனான் அப்பா," என்றான் லக்ஷன். "நீங்கள் சொன்னபடி நானும் போகவேணும்."

முறையை உண்டாக்கியபோது கதிரவேலு அதை நினைக்கவே இல்லை. தம்பிஐயா பக்கத்தில் நின்றார். செத்த குழந்தையின் தகப்பன் நின்றான். ஒரு சொல் போதும், நான் சொன்னது அரைவாசிதான் என்று. கதிரவேலு திரும்பிக் கரைக்கு நடந்தார். இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடுவான், இதற்காக இத்தனை பேருக்கு முன்னால் மானம் போகவேண்டுமா என்று நினைத்துவிட்டார்.

மத்தியானம் ஆயிற்று, பின்னேரம் ஆயிற்று, மேற்கே ஒரு கரையிலும் அவர்கள் இறங்கவில்லை. கதிரவேலு கடற்படையிடம் முறைப்பாடு கொடுத்தார். எந்தப் பக்கம் என்று கேட்டபோது மேற்கே என்றார், அவர்தானே மேற்கே இறங்கச் சொன்னவர். ரோந்துப் படகு அவர் சொன்ன இடமெல்லாம் தேடிவிட்டு வெறுமையாய் வந்தது.

சனிக்கிழமை காலை அவர் சங்கத்துக்குப் போனார். ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். வள்ளங்களை இறக்கித் தேடுங்கோ என்றார். ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் விழுங்கியதைக் கக்கினார். வௌவால், நாரை, எட்டுப் பேர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், மலாக்காக் கோவிலைச் சொன்னார், மூன்று நாள் என்பது தன் சொந்தச் சரக்கு என்றார். அந்தச் சீமெந்து நிலத்தில் மண்டியிட்டே விட்டார்.

தம்பிஐயா அவரைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பிள்ளைப் பாசம் அண்ணை, ஆருக்கும் இப்பிடித்தான் வரும். உங்களாலைதான் இந்த ஊர் தப்பினது. அதை நீங்களே குழப்பாதேங்கோ."

கதிரவேலு, நான் சொல்லுறது உண்மை என்று கத்தினார். தங்கள் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து யாரோ அமைதியாகச் சொன்னார்கள். அயல்துறை இரண்டுக்கும் ஓடினார், அங்கேயும் அதே மரியாதை, அதே தலையாட்டல். ஞாயிறு காலை ஒரு வள்ளத்தைத் தானே தள்ளப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. நாலு பேர் வந்து கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாசலில் தயாளினி நின்றாள். ஞானாம்பிகையோடு சேர்ந்து அவளும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கள் விடிய வள்ளங்கள் இறங்கின. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துறைக்கு நேரே, கரைக்குத் தெரியாத தூரத்தில், எல்லாரும் நாளாந்தம் வலை போடுகிற ஆழம் குறைந்த திட்டிலேயே சிவரூபனின் வள்ளம் நங்கூரத்தில் நின்றது. மற்ற நாளென்றால் காலையில் இருபது வள்ளம் அதைக் கடந்து போயிருக்கும். சீனக் கப்பலை அவிழ்க்கும்போது கயிறு இஞ்சின் விசிறியில் சிக்கியிருக்கிறது. தொலைபேசி நனைந்துவிட்டது. லக்ஷன் நீரில் குதித்துக் கயிற்றை வெட்டப் போக, அலை தூக்கியதில் கத்தி தொடையில் ஆழமாய் ஏறிவிட்டது.

படங்குச் சீலையில் சுற்றி லக்ஷனின் உடலைக் கரையில் கிடத்தினார்கள். சிவரூபனின் உதடு வெடித்து, நாக்குத் தடித்துப் போயிருந்தது. தண்ணீர் பருக்கினார்கள். அவன் கதிரவேலுவைத் தேடிப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தவன் மாமா. நான் அழ என்னைத் தேற்றினவன். பயப்பிடாதை, அப்பா விடமாட்டார், ஆரையாவது பிடிச்சு அனுப்புவார் எண்டு கரைப்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தவன்."

கதிரவேலு மணலில் உட்கார்ந்துவிட்டார். தம்பிஐயா குனிந்து அவர் முதுகைத் தடவினார். மூன்று நாளாய் ஊரில் ஒரு காய்ச்சலும் இல்லை என்றார். நீங்கள் செய்த இந்த உதவியை ஊர் மறக்காது அண்ணை என்றார். மகனின் காலடியில் நின்ற ஞானாம்பிகை அதைக் கேட்டு நிமிர்ந்து, புருஷனை ஒருதரம் பார்த்தாள்.