தகரக் குவளை

கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் தேநீர் தகரக் குவளைகளில் வந்தது. எல்லோரும் சட்டைக் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். கோல்காப்பாளன் வில்ஃப் ஆக்கர்ஸ்லி மட்டும் குவளையை வெறும் இடது கையால் சுற்றிப் பிடித்திருந்தான்.

"அது கையாடா, இடுக்கியா?" என்றான் அவனுக்கு முன்னால் தடுத்தாடும் கிளெம். "உன் பொண்டாட்டி எட்னாகிட்ட சொல்றேன், அடுப்புல இருந்து சட்டிய இறக்க இனிமே உன்னையே கூப்பிடட்டும்."

சிரித்தார்கள். வில்ஃப்பும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. குவளையை வலது கைக்கு மாற்றினான். சுட்டது.

காயங்களுக்குக் கட்டுப் போடும் ஈனாக் சிரிக்கவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் சேற்றில் விழுந்து பந்தை அணைத்தபோது எவனோ ஒருவனின் பூட்ஸ் வில்ஃப்பின் இடது முழங்கையில் இறங்கியது. வலி போகும்போது கையின் உணர்வையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு பந்தைப் பிடித்தால், பிடித்துவிட்டோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. குடியிருப்பது கிளப்பின் வீடு. அவன் விட்டுவந்த சுரங்கத்தில் இப்போது பாதிப் பேருக்கு வேலையில்லை.

இரண்டாம் பாதியில் கிளெம் ஒரு பந்தைத் தொடாமலே விட்டான், பின்னால் வில்ஃப் இருக்கிறான் என்று. வில்ஃப் பிடித்தான். குனிந்து பார்த்தான். இருந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற ஈனாக் அந்தக் குனிதலைப் பார்த்தார்.

ஆட்டத்தில் வென்றார்கள். எல்லோரும் பெரிய குளியல் தொட்டியில் இறங்கிப் பாடிக்கொண்டிருக்க, ஈனாக் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து இடது கையை விரித்தார். உள்ளங்கையில் கொப்புளம்.

"எரியுதா?"

"இல்ல."

"எப்போலருந்து?"

வில்ஃப் வலது கையால் இடது முழங்கையைத் தடவினான். தொட்டியில் யாரோ தண்ணீரை அடித்தார்கள்.

"மேனேஜர்கிட்ட சொல்லப்போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? கை உன்னோடது." களிம்பைத் தடவினார். "வெறுமனே பாட்டிலத் திறக்குற கையா இருந்தா நானும் பேசாமப் போயிடுவேன். இது கோல் காக்குற கை."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க, ஈனாக்."

"சொல்லுவாங்கதான்."

தொட்டியிலிருந்து கிளெம் கத்தினான். "டேய் வில்ஃப், அந்தப் பந்தப் பாத்தியா? நான் திரும்பிக்கூடப் பாக்கல. நீ பின்னாடி இருந்தா நான் நின்னுக்கிட்டே தூங்கலாம்டா."

வில்ஃப் அவனைப் பார்த்தான். நனைந்த தலை, சிவந்த முகம். அடுத்த வாரமும் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

வில்ஃப் சட்டையை மாட்டினான். பொத்தான்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டான். ஈனாக் துணிகளை மடித்தபடி தலை நிமிராமல் இருந்தார்.

நடைக்கூடத்தில் யாருமில்லை. மேனேஜர் அறையின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. வில்ஃப் இடது கையால் தட்டினான். சத்தம் கேட்டதால்தான் தட்டியது தெரிந்தது.